சாசுவத உத்தியோகமும் ஒருநாள் இடைவெளியும்

பல்கலைக்கழகம் என்பது கலைகளைப் பல துறைகளாகப் பகுத்துப் போதிக்கும் ஸ்தாபனம் என்று வெளியுலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. அத்தகைய ஸ்தாபனம் ஒன்றின் சம்பளப் பட்டியல் பிரிவில் பல்லாண்டு உழன்றவன் என்ற முறையில், கலைகளைக் காட்டிலும் நுட்பமாக அங்கே பகுக்கப்பட்டிருப்பவர்கள் அங்கு வேலை பார்க்கும் மனிதர்களே என்று நான் எந்தச் சபையிலும் பிரமாணம் செய்யத் தயார்.

நிரந்தரம், தகுதிகாண் பருவம், தொகுப்பூதியம், தினக்கூலி, அயற்பணி, வெளிமுகமை என்று நீளும் இந்த வகைகளுக்குள் உட்பிரிவுகளும் உண்டு. 2003 ஏப்ரல் முதல் தேதிக்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம், அன்று முதல் சேர்ந்தவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று தமிழக அரசு கோடு கிழித்துவிட்டபடியால், ஒரே மேஜையில் ஒரே வடையைப் பிட்டுத் தின்னும் இருவரில், அவ்வாண்டு மார்ச்சில் ஆணை வாங்கியவர் மே மாதத்தில் வாங்கியவரை நோக்கும் பார்வையில் ஒரு ஜமீன்தாரின் காருண்யம் ததும்பும்.

ஆசிரியர் பக்கம் இன்னும் விசித்திரம். ஒப்பந்த ஆசிரியர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருக்கலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதித்தது. மறு ஆண்டே, கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய்க்கு மிகாமல் தரலாம் என்றும் சொல்லிற்று. முதல் விதியைப் படிக்க மறந்த நிர்வாகங்களும் இரண்டாவதிலுள்ள உச்சவரம்பை மாத்திரம் பயபக்தியுடன் அனுசரித்து, அதற்கு வெகு கீழேயே பத்திரமாக நின்றுகொண்டன.

ஆனால் சாஸ்திரத்தின் உச்சம் தினக்கூலிதான். தொடர்ந்து பணிபுரிந்தார் என்ற உரிமை முளைத்துவிடக் கூடாதே என்பதற்காக, எண்பத்தொன்பது நாள் முடிந்ததும் ஒருநாள் அவரை விலக்கி, மறுநாள் புதிய மனிதராகச் சேர்த்துக்கொள்வது எங்கள் சம்பிரதாயம். எந்த வருஷத்து மதிப்பெண் பேரேடு எந்த பீரோவில் உறங்குகிறது என்ற ஞானமோ, அத்தகைய சிப்பந்தி ஒருவரிடத்தில் மட்டுமே குடிகொண்டிருந்தது. அவருடைய இடைவெளி நாளன்று, பழைய சான்றிதழ் ஒன்றைச் சரிபார்க்க வெளியூர் அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்கு ஆள் பறந்தது. அங்கிருந்து வந்த சிப்பந்தி வாசற்படியைத் தாண்டவில்லை.

“ஐயா, நான் இன்னிக்கு பிரேக்ல இருக்கேன், உள்ளே வரக்கூடாது. மூணாவது பீரோ, மேல்தட்டு, பச்சை பைண்டு. ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், பாத்து ஏறுங்க!”

நிரந்தரப் பணியும் பழைய ஓய்வூதியமும் வாய்க்கப்பெற்ற உதவிப் பதிவாளர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். தற்காலிகமாக நியமிக்கப்பட்டவர் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் உமாதேவி வழக்கில் சொன்ன தீர்ப்பும், பத்தாண்டு கடந்த சிலருக்கு அதில் விட்டுவைத்த சிறு வழியும் அந்தச் சிப்பந்திக்கு மனப்பாடம். எங்கள் சட்டப் பிரிவே சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்கும்.

அடிமட்டத்துக் கூத்தைக் கண்டு உச்சியில் இருப்பவர் நகைக்கவும் இடமில்லை. துணைவேந்தருடைய உத்தியோகமும் மூன்றாண்டுத் தவணைதான். ஆகையால் பல்கலைக்கழகத்தில் நாள்காட்டியை உற்றுப் பார்ப்பவர்கள் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருக்க, இடையிலுள்ள நாங்கள் கடிகாரத்தை மட்டும் பார்த்தோம். துணைவேந்தரின் தவணை முடிந்து அடுத்தவர் நியமனம் ஆகாவிட்டால், ஒரு குழு கூடிப் பட்டச் சான்றிதழ் முதல் பஞ்சப்படி ஆணை வரை கையொப்பமிட்டுவிடும். அந்த இடைவெளி மாதக்கணக்கில் நீண்டபோதும், எதையும் கேட்டுத் தெரிந்துவர யாரும் டீக்கடைக்கு ஆள் அனுப்பியதாக எனக்கு ஞாபகமில்லை.