விழுவதென்றால் ரோட்டில் விழுங்கள்

வயதில் மூத்தவர்களுக்குத் தாழ்மையான ஒரு வேண்டுகோள். விழுந்தே தீர வேண்டும் என்றால் வீட்டுக்குள் விழாதீர்கள். சிரமம் பாராமல் வாசற்படி இறங்கி, தெருவைத் தாண்டி, மெயின் ரோட்டுக்கு வந்து, ஒரு பைக்காவது உரசும்படி பார்த்து விழுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அது சாலை விபத்துக்கு. பாத்ரூம் சாலை ஆகாதே.

என் அத்தைக்கு இந்தச் சூட்சுமம் தெரியவில்லை. 81 வயதில், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, மகன் ஆசை ஆசையாகப் பதித்த பளபள டைல்ஸில் வழுக்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரி டிராலியில் கிடந்தவளின் இடது கால் ஓர் அங்குலம் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் ஒரே பார்வையில், "இடுப்பு போச்சு சார்" என்றார். அன்றைக்கு அங்கே நோயைச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். சம்பளப் பட்டியலில் கடைசி ஆளும் அவராகத்தான் இருக்கும்.

டியூட்டி டாக்டர் பிரஷர் பார்த்தார். 108. "நார்மல்தான்." 160-ல் குடித்தனம் நடத்திய உடம்பு 108-க்கு இறங்கினால் உள்ளே எங்கோ ரத்தம் போகிறதா என்று தேட வேண்டாமா? 65 வயதுக்கு மேல் 110-க்குக் கீழே போனாலே அபாயம் என்று அமெரிக்காவில் ஆம்புலன்ஸ்காரர்களுக்கான வழிகாட்டியிலேயே இருக்கிறது. நாடி 70, அதுவும் நார்மலாம். இதயத்தை ஓடவிடாமல் பிடித்துவைக்கிற மாத்திரையைப் பத்து வருடமாக விழுங்குகிறவளுக்கு நாடி எப்படி எகிறும்? நம் ஊரில் 108 என்றால் ஆம்புலன்ஸ் வந்துவிடும். பெரிய டாக்டர்தான் வரமாட்டார்.

ஏன் வர வேண்டும்? "வயசாயிடுச்சுல்ல!" இதைவிடச் சிக்கனமான டயக்னோசிஸ் உண்டா? ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், ஆதார் அட்டை போதும்.

நமக்கு மட்டும் உரிய சாமர்த்தியம் என்று காலரைத் தூக்கிக்கொள்ளவும் முடியாது. முதியவர்களுக்குப் பலத்த காயம் பெரும்பாலும் நின்ற இடத்தில் விழுவதாலேயே ஏற்படுகிறது, அவர்களை முதலில் பார்ப்பது அனுபவம் குறைந்த டாக்டர்களாகவே இருக்கிறது என்று இங்கிலாந்தில் 2017-லேயே அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் எண்ணியாவது பார்த்தார்கள். முதியோர் மருத்துவத்துக்கு இந்தியாவிலேயே முதல் துறையை 1978-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய நாம், பெருமை பேச அதை வைத்திருக்கிறோம்.

இடுப்பு எலும்பு முறிந்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்பது மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆம், அதே 48. சனிக்கிழமை எக்கோ எடுக்க ஆள் இல்லை. ஞாயிறு ஞாயிறுதான். திங்களன்று இதய டாக்டர் ஃபிட்னஸ் கொடுத்தார். மயக்க டாக்டர் கொடுக்கவில்லை. இதற்குள் நியூஜெர்சிப் பிள்ளை வாட்ஸ்அப்பில் வந்து, "இந்த வயசுல ஆபரேஷன் தாங்குவாங்களா?" என்று விசாரித்தான். ஒரு மாமா புத்தூர்க் கட்டுக்கு வண்டி பேசவே கிளம்பிவிட்டார். ஆபரேஷன் தாங்காதாம்! படுக்கை மட்டும் தாங்குமா? இடுப்பு முறிந்த முதியவர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவர் வருடம் திரும்புவதற்குள் போய்விடுகிறார். மீதிப் பேரில் பலர் பழையபடி நடப்பதில்லை. இந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஏசி ரூம் வாடகைக் கணக்கைத் தினமும் சொன்னார்கள்.

கூடவே மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது. விலா முறிந்தால் மூச்சை இழுத்துவிட வலிக்கும், இருமப் பயமாக இருக்கும், சளி உள்ளேயே தங்கும். வலிக்குச் சரியான மருந்து கொடுத்து, உட்காரவைத்து, மூச்சுப் பயிற்சி தர வேண்டும். அத்தை முனகியபோது நர்ஸ், "பாட்டி, சும்மா சத்தம் போடாதீங்க" என்றாள். அதன்பிறகு அவள் சத்தம் போடவில்லை. நாங்களும் வலி குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

ஆறாம் நாள் ஆபரேஷன். வெற்றி என்றார்கள், எக்ஸ்ரேயைக்கூடத் தூக்கிக் காட்டினார்கள். பத்தொன்பதாம் நாள் நிமோனியாவில் போனாள்.

டெத் சம்மரியில் காரணம்: இதயமும் மூச்சும் நின்றது. வேறெப்படித்தான் சாவார்கள்? டைல்ஸ் இல்லை, விலா இல்லை, அந்த ஐந்து நாட்கள் இல்லை. வயது 81 என்ற இடத்தில் மட்டும் பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தார்கள்.