ரீல் மாறின ராத்திரி

‘மகாராஜா’வை இரண்டு தடவை பார்த்தேன். 2024 ஜூனில் படம் வந்த வாரமே தியேட்டரில் ஒரு தடவை, பிறகு வீட்டு டிவியில் ஒரு தடவை. முதல் தடவை எனக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை என் மனைவிக்குப் புரிந்தது.

தியேட்டரில் புரியாததற்குக் கண்ணாடி காரணம், ஏசி காரணம், பக்கத்து சீட்டுப் பையனின் போன் வெளிச்சம் காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். சலூன்காரர் ஒருவர் ஸ்டேஷனுக்குப் போய் லட்சுமியைக் காணோம் என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி என்பது குப்பைத் தொட்டி. அதுவரை தெளிவாகத்தான் இருந்தேன். குப்பைத் தொட்டிக்குப் பேர் வைத்ததைக்கூட ஏற்றுக்கொண்டேன்; எங்கள் தெருவில் ஒரு டிவிஎஸ் 50-க்கே பேர் இருந்தது. அதற்கப்புறம்தான் எது இன்றைக்கு நடக்கிறது, எது என்றைக்கோ நடந்தது என்று பிடிபடாமல் போயிற்று. வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்த்த மனைவி, “இது நடந்து பல வருஷம் ஆச்சுங்க. அந்தக் கொழந்தையப் பாத்தா தெரியல?” என்றாள். ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டி, நிறுத்தி, கத்தி முனையால் டிவியைச் சுட்டிக் காட்டினாள். அசந்துபோனேன். முன்னதைப் பின்னே வைத்து, பின்னதை முன்னே வைத்து, கடைசியில் மொத்தத்தையும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறார் நித்திலன் சாமிநாதன். என்ன மூளை!

இதே காரியத்தைச் செய்த ஒருவரை நாற்பது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் அடிக்கப் போனோம்.

நீடாமங்கலத்துப் பக்கம் எங்கள் ஊர். ஊர்க் கோடியில் கீற்றுக் கொட்டகை. சாயங்காலம் ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அம்மா அதற்குள் சாதம் போட்டுவிட வேண்டும். பாட்டு முடிவதற்குள் நாங்கள் ரசத்தைத் தாண்டிவிட வேண்டும். தரை டிக்கெட்டுக்கு மணல். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தால் திரை நன்றாகத் தெரியும். பின்னால் இருப்பவர் முதுகில் ஒரு தட்டு தட்டுவார். பாதி மேட்டைக் கரைத்துவிட்டு, விளக்கு அணைந்ததும் திரும்பக் குவிப்போம். இருப்பது ஒரே புரொஜெக்டர். ரீல் மாட்டும்போதெல்லாம் விளக்கு வரும், முறுக்கும் கடலை மிட்டாயும் வரும். இடைவேளை ஒன்றுதான் என்பதை நான் திருச்சிக்குப் போய்ப் படம் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ 1984-இல் வந்தது. எங்கள் கொட்டகைக்கு வந்து சேர மறு வருஷம் ஆயிற்று. மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக சத்யராஜ் வருவார் என்று முன்பே கேள்விப்பட்டு, போர்வை சகிதம் செகண்ட் ஷோவுக்குப் போனோம். நடக்கப்போகும் கொலை நளினியின் மனக்கண்ணில் முன்கூட்டியே தெரிந்துவிடும், அதுதான் கதை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வழக்குக்கு முக்கியம்.

இரண்டாவது தடவை விளக்கு வந்து அணைந்தபின், கொஞ்சம் முன்னால் பிணமாகக் கிடந்தவர் நடமாடிக்கொண்டிருந்தார். கொட்டகை மூச்சுவிடவில்லை. “நளினி கனா காணுதுடா,” என்றான் என் சிநேகிதன், ரகசியமாக. அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம். ஒரு ரீல் என்பது ஆயிரம் அடி. ஓட பதினொரு நிமிஷம் ஆகும். பதினொரு நிமிஷமும் ஊரே நளினியின் கனவுக்குள் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. கடைசியில் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: “கனாவும் இல்ல, மண்ணும் இல்ல. ரீலை மாத்திப்புட்டான்டா!”

மண் என்ற வார்த்தைதான் வினை. புரொஜெக்டர் வெளிச்சத்தில் மணல் பறந்தது. நானும் இரண்டு பிடி வாரி அடித்தேன். ஆபரேட்டர் பின்பக்கத் தட்டியைப் பிரித்துக்கொண்டு வயலில் இறங்கி ஓடியதாக மறுநாள் பேசிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து, சரியான வரிசையில் பார்ப்பதற்காகவே திரும்பப் போனேன். ரீலெல்லாம் ஒழுங்காக ஓடின. ஏனோ சப்பென்றிருந்தது.

அந்தக் காலத்தில் முடிவு தெரியாமல் படம் பார்ப்பது என்பது லேசுப்பட்ட காரியமில்லை. கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள், மெல்லிய ரோஸ் தாளில். கதைச் சுருக்கம் நல்ல வேகத்தில் போய், கதாநாயகி கிணற்றடியில் நிற்கிற இடமாகப் பார்த்து, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிந்துவிடும். அச்சடித்தவருக்கு இருந்த நாகரிகம் எங்கள் உறவுக்காரர்களுக்கு இல்லை. ‘புதிய பறவை’யின் முடிவை எனக்கு என் அத்தான் டிக்கெட் வரிசையிலேயே சொன்னார். 1964-இல் வந்த படம், அறுபது வருஷம் தாண்டிவிட்டது. ஆனாலும் நான் அதை இங்கே சொல்லப் போவதில்லை. அத்தானை இன்னும் மன்னிக்கவும் இல்லை. அப்பா கதை தனி. 1954-இல் வந்த ‘அந்த நாள்’ முதல் காட்சியிலேயே சிவாஜியைச் சுட்டுச் சாய்த்துவிட்டு, பாட்டே இல்லாமல், யார் சுட்டது என்று விசாரிக்கிற படம். அப்பா சின்னப் பையனாக அதைப் பார்த்திருக்கிறார். “யாரு சுட்டா எனக்கென்ன? சிவாஜிதான் போயிட்டாரே, மிச்சத்துக்கு எதுக்குக் காசு?” என்பதுதான் அவருடைய விமர்சனம். படத்தை எடுத்த எஸ். பாலசந்தர் நல்லவேளை இதைக் கேட்கவில்லை.

இன்றைக்கு என் மகன் எந்தப் படத்தைப் பற்றியும் வாயைத் திறக்கவிட மாட்டேன் என்கிறான். “அப்பா, ஒண்ணும் சொல்லாதீங்க,” என்று காதைப் பொத்திக்கொள்கிறான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘நன்றாக இருந்தது’ என்று போட்டதற்கே கண்டனம். சரி, அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றிய படத்தை எப்படிப் பார்க்கிறான் என்று எட்டிப் பார்த்தால், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். போலீஸ்காரர் கீச்சுக் கீச்சென்று பேசுகிறார், கொலைகாரன் குடுகுடுவென்று ஓடுகிறான்.

எங்களுக்குத் துப்பு துலக்குவதில் சிரமமே இருந்ததில்லை. நம்பியார் வந்தால் சந்தேகம் தீர்ந்தது. கையைப் பிசைந்தால் இன்னும் உறுதி. இப்போது எல்லாரும் சாதாரணமாகவே இருக்கிறார்கள். 2023 ஜூனில் வந்த ‘போர் தொழில்’ பார்க்கும்போது நான் ரொம்ப உஷாராக உட்கார்ந்தேன். சரத்குமார் பார்க்கிற இடத்தையெல்லாம் நானும் பார்த்தேன், அசோக் செல்வன் குறித்துக்கொண்டதையெல்லாம் நானும் மனசில் குறித்துக்கொண்டேன். பிறகு சரத்பாபு வந்தார். ‘முள்ளும் மலரும்’ இன்ஜினியர்! ‘போர் தொழில்’ வெளிவருவதற்கு இரண்டரை வாரம் முன்புதான் மனிதர் காலமாகியிருந்தார். அதை நினைத்துக்கொண்டு, அவர் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்ததில் துப்பெல்லாம் என்னைத் தாண்டிப் போய்விட்டது. அவர் யாராக வருகிறார் என்று சொல்ல மாட்டேன். மகன் இதைப் படித்தாலும் படிப்பான்.

‘ராட்சசன்’ மாதிரிப் படங்கள் வந்தபின் நம் சினிமாப் போலீசுக்குச் சுவரில்லாமல் வேலை ஓடுவதில்லை. சுவர் நிறையப் படங்கள், பேப்பர் கட்டிங், அம்புக்குறி. ஒரு காலத்தில் என் சைக்கிள் தொலைந்து ஸ்டேஷனுக்குப் போனேன். சுவரில் சாமி படமும் காலண்டரும் இருந்தன. புகார் எழுத வெள்ளைத் தாள் வாங்கிவரச் சொன்னார்கள். சைக்கிள் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் ‘ராட்சசன்’ பயமுறுத்தினான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படத்தில் பரிசுப் பெட்டிக்குள் பொம்மைத் தலை வரும். அதைப் பார்த்த வாரம் பேத்தி பிறந்தநாளுக்குக் கூரியரில் வந்த பெட்டியை நான் வாசல் திண்ணையில் வைத்துத்தான் பிரித்தேன். உள்ளே டிபன் பாக்ஸ்.

கொலையில்லாத படங்களும் பார்க்கிறேன். அவற்றில்தான் ஆபத்து அதிகம். குறட்டை விடுகிறவனைப் பற்றிய ‘குட் நைட்’ படத்துக்கு 190 ரூபாய் டிக்கெட்டும், அதைவிட விலை கூடிய பாப்கார்னும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். மணிகண்டன் முதல் குறட்டை விட்டதும் தியேட்டரே சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு படம் முடியும்வரை நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

‘மெய்யழகன்’ எங்கள் நீடாமங்கலத்திலேயே நடக்கிற கதை. தஞ்சாவூரை விட்டு 1996-இல் போன அரவிந்த் சாமி ஒரு கல்யாணத்துக்காக வருகிறார். “அத்தான், அத்தான்” என்று கார்த்தி ஒட்டிக்கொள்கிறார். சாப்பாடு போடுகிறார், வீட்டுக்குக் கூட்டிப் போகிறார், விடிய விடியப் பேசுகிறார். அரவிந்த் சாமிக்கோ அவர் யார், பேர் என்ன என்று தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. எனக்கு இதுதான் த்ரில்லர். கத்தி வேண்டாம், ரத்தம் வேண்டாம். கல்யாண வீட்டில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே எதிரே வந்தால் போதும், நெஞ்சு அடித்துக்கொள்கிறது. படம் வெளியான சில நாளிலேயே நீளம் என்று 18 நிமிஷத்தைக் குறைத்தார்கள். எங்கள் ஆபரேட்டரும் செகண்ட் ஷோவில் ஒரு பாட்டைக் காணாமல் அடிப்பார். கேட்டால், “வீட்டுக்குப் போவ வேணாமா?” என்பார்.

போன தை மாசம் நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ஒல்லியான பெரியவர், நெற்றி நிறைய விபூதி. “என்ன தம்பி, தெரியலையா?” என்றார். தெரியாமல் என்ன என்று சிரித்து வைத்தேன். ஊரைச் சொன்னார், தெருவைச் சொன்னார். நான் இன்னும் பலமாகச் சிரித்தேன். “மண்ண வாரி அடிச்சீங்களே!” என்றார்.

ஆபரேட்டர்!

பேர் வரவில்லை. தொண்டை வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. பேரைத் தவிர்த்துவிட்டு, “அண்ணே, அன்னிக்கி ரீலை ஏன் மாத்தினீங்க?” என்று நாற்பது வருஷச் சந்தேகத்தைக் கேட்டேன்.

“நான் எங்க மாத்துனேன்? ஒரே பெட்டி, ரெண்டு கொட்டாய்க்கு ஓடிச்சு. அங்க ஓடி முடிஞ்சத பசங்க சைக்கிள்ல கொண்டாரணும். மொதல்ல கெளம்புன பையன் நடுவழியில பஞ்சர். பின்னாடி கெளம்புனவன் முந்திட்டான்.” அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டுக்கொண்டார். “வெளக்கப் போட்டு ஒக்கார வெச்சா தட்டிய பிரிப்பீங்க. வந்தத ஓட்டினேன். அந்தப் பொண்ணுதான் கனா காணுதே, யாருக்குத் தெரியப் போவுதுன்னு பாத்தேன். பதினோரு நிமிஷம் எவனும் கண்டுபிடிக்கலையே!”

வாயடைத்துப் போனேன். சாம்பார் வந்து போயிற்று. “‘மகாராஜா’ பாத்தீங்களா அண்ணே?” என்றேன்.

“பேரன் போன்ல காட்டினான். பாதியில தூங்கிட்டேன். ஆமா, அந்தத் திருடன் கடைசியில யாரு? அது எப்ப நடந்துச்சு?”

சொல்ல ஆரம்பித்தேன். சலூன், குப்பைத் தொட்டி, ஸ்டேஷன் வரை நேராகப் போயிற்று. அப்புறம் பிறந்தநாளை முன்னால் சொல்லிவிட்டு, இல்லையில்லை என்று பின்னால் போய், மறுபடி ஸ்டேஷனுக்கு வந்தபோது அவர் ரசத்தை முடித்திருந்தார். எதிர் வரிசையில் என் மனைவி பாயசத்தை ஊதிக்கொண்டிருந்தாள். கையைக் காட்டினேன். எழுந்து, கை கழுவிவிட்டு வந்து நின்றாள்.

“‘மகாராஜா’ கதையக் கேக்குறாங்க. நீ சொல்லேன்.”

“சொல்றேன்,” என்று அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினாள். “மொதல்ல இவங்க யாருன்னு சொல்லுங்க.”

நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன்.