பெட்ரோல் கேட்காத பந்தயத் தடங்கள்

மோட்டோஜிபி ஈ-ஸ்போர்ட் சாம்பியன்ஷிப் என்பது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் மோட்டார் சைக்கிள் பந்தயம். மோட்டோஜிபி உலகப் பந்தயங்களை அப்போது நடத்திவந்த ஸ்பெயின் நிறுவனமான டோர்னா 2017இல் இதைத் தொடங்கியது. கேமைத் தயாரிப்பது இத்தாலியின் மைல்ஸ்டோன். எதிரே திரை, கையில் கன்ட்ரோலர். வண்டியின் முழுப் பொறுப்பும் விரல்களுக்கு. ஹெல்மெட் கட்டாயமில்லை. முதல் இறுதிப்போட்டி வாலென்சியாவில் நடந்தது. வென்ற இத்தாலியர் லொரென்சோ தாரெத்திக்குப் பரிசாக ஒரு பிஎம்டபிள்யூ கார் கிடைத்தது. பைக் ஓட்டி ஜெயித்தவருக்குக் கார் கொடுப்பதில் என்ன நியாயம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

போட்டியில் வரும் தடங்கள் கற்பனையல்ல. மண்ணில் இருக்கும் தடங்களே திரைக்குப் போகின்றன. 2018ஆம் ஆண்டு கேமுக்காக ட்ரோன்களைப் பறக்கவிட்டுத் தடங்களை அளந்தார்கள். ஓரக்கல், சரளைப் பரப்பு, மேடு பள்ளம் எல்லாம் உள்ளபடியே வந்துவிடும். ஆனால் ஒரு தடத்தில் அளக்க முடிவது பாதிதான். மீதி, ட்ரோனுக்கு எட்டாதது.

ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்டை எடுத்துக்கொள்ளலாம். கடலோரத் தடம். 2015 மோட்டோஜிபி பந்தயத்தில் வீரர் ஆந்திரேயா இயானோனே ஒரு கடற்புறாவின் மீது மோதியும் மூன்றாவதாக வந்தார். கேமில் அந்தப் பறவைக்கு வேடமில்லை. குறுக்கே யாரும் வரமாட்டார்கள் என்ற உத்தரவாதத்தோடு சாலையில் போவது தமிழ்நாட்டின் ஜவ்வாது மலைவாசிகளுக்குப் புரிய வைக்கவே கடினமான சங்கதி. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைச்சாலையில் மாடு, ஆடு, குரங்கு, எதிரே வரும் பேருந்து என்று இயானோனேக்கு வாய்த்ததைவிட விரிவான பாடத்திட்டம் உண்டு. அதைத் தினமும் படித்துத் தேறுகிறவர்கள் பின்சீட்டில் சாமை மூட்டையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இவர்களுக்கு மேடை இல்லை, ஷாம்பெயினும் இல்லை.

கத்தாரின் லுசைல் தடம் 5.38 கிலோமீட்டர். 2008 முதல் அங்கே இரவில், விளக்கொளியில் பந்தயம். 2009இல் பாலைவனத்தில் மழை கொட்டி, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் திங்கட்கிழமைக்குப் போனது. அந்த விளக்குகளை அப்படியே ஜவ்வாது மலைக்குக் கொண்டுவர நினைப்பவர், முதலில் அதே மலையிலுள்ள காவலூரில் அனுமதி வாங்க வேண்டும். அங்கே 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இயங்கிவருகிறது. வானியலாளர்கள் இந்த மலையைத் தேடி வந்ததற்கு இருட்டும் ஒரு காரணம். இரவுப் பந்தயத்துக்குப் பகலைப் போல வெளிச்சம் வேண்டும். இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் மாவட்ட ஆட்சியர் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஆஸ்டின் தடத்தில் முதல் வளைவுக்கு ஏறும் மேடு பிரசித்தம். தடத்தின் மொத்த ஏற்ற இறக்கமே சுமார் 41 மீட்டர்தான். அதைப் பார்த்து வர்ணனையாளர்கள் மூச்சுவிடாமல் வியப்பார்கள். ஜவ்வாது மலைச்சாலையில் 41 மீட்டர் என்பது, கியர் மாற்றலாமா என்று யோசிக்கும் நேரத்தில் கடந்துபோகும் உயரம்.

வேகத்துக்கு இத்தாலியின் முகெல்லோ. 5.245 கிலோமீட்டர், அதில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்கோடு. 2023இல் பிராட் பைண்டர் அங்கே மணிக்கு 366.1 கிலோமீட்டரில் போனார். பேருந்தில் ஜன்னலோர சீட்டுக்கு நடக்கும் ஓட்டத்தை யாரும் அளந்ததில்லை என்பதால் ஒப்பிட வழியில்லை. முகெல்லோவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2020 மார்ச் 29 அன்று, கொரோனா உலகைப் பூட்டிவைத்திருந்தபோது, நிஜ வீரர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து இந்தத் தடத்தில் திரையில் மோதினார்கள். வென்றவர் அலெக்ஸ் மார்க்கெஸ். மோட்டோஜிபி வகுப்பில் நிஜமாக ஒரு பந்தயம்கூட ஓட்டியிராத புதுமுகம் அவர். அண்ணன் மார்க் அப்போது ஆறு முறை அந்த வகுப்பின் உலகச் சாம்பியன். வீட்டில் கன்ட்ரோலர் யார் கைக்கு வருவது என்பதில் தம்பிகள் சிறுவயது முதலே பயிற்சி பெற்றவர்கள். அது இங்கே உதவியிருக்கலாம். அந்த ஆண்டு முகெல்லோவின் நிஜப் பந்தயம் ரத்தானது. 2020இன் முகெல்லோ வெற்றி என்று யாராவது சொன்னால், அது திரையில் பெற்றதுதான்.

இதைவிட ஒரு படி மேலே போன தடங்கள் இரண்டு. பின்லாந்தின் கிமிரிங் 2020 கேமில் இடம்பெற்றது. நிஜப் பந்தயம் 2020இல் ரத்து, 2021இல் ரத்து, 2022இலும் ரத்து. கஜகஸ்தானின் சோகோல் 2023 கேமில் வந்தது. அங்கேயும் 2023இல் இல்லை, 2024இலும் இல்லை. கல்யாணம் நடக்காமலே ஆல்பம் அச்சாகிவிட்ட குடும்பங்களின் நிலை இது. கேம் வாங்கியவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் ஓட்டி முடித்திருப்பார்கள். மோட்டோஜிபி வீரர் ஒருவரும் அங்கே ஒரு பந்தயம்கூட ஓட்டவில்லை.

இந்தியாவின் பங்கு, கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட். 2011 அக்டோபரில் திறந்தது. 2013 வரை மூன்று ஃபார்முலா ஒன் பந்தயங்கள்; மூன்றையும் செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்தார். வேறு யாரும் ஜெயிப்பதற்குள் பந்தயமே நின்றுபோனது. பத்து வருடம் கழித்து மோட்டோஜிபி வந்தது. அதிலும் முந்திக்கொண்டது திரைதான். புத் தடம் இடம்பெற்ற கேம் 2023 ஜூனில் விற்பனைக்கு வந்துவிட்டது, பந்தயம் செப்டம்பரில். ஜூனில் ஓட்டியவர்களுக்கு விசா வேண்டியிருக்கவில்லை. செப்டம்பரில் வந்தவர்களுக்கு வேண்டியிருந்தது. மார்க் மார்க்கெஸ் உட்படப் பலரின் விசா தாமதமாகிப் பயணம் தள்ளிப்போனது. மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் பறக்கிறவர்களையும் வரிசையில் நிற்க வைக்கும் வல்லமை ஒரு முத்திரைக்கு உண்டு.

வந்து சேர்ந்தவர்களை வெயில் வரவேற்றது. 24 சுற்றுப் பந்தயம் 21 ஆகச் சுருங்கியது. மார்கோ பெஸ்ஸெக்கி வென்றார். ஹோர்ஹே மார்ட்டின் உடலில் நீர் வற்றித் தளர்ந்துபோனார். கேமில் ஓட்டியவர்களுக்கு அதே 21 சுற்றில் அதிகபட்ச ஆபத்து, சமையலறையிலிருந்து ‘சாப்பிட வரியா இல்லையா’ என்று வரும் குரல்தான்.

ஜவ்வாது மலையில் ஒரு தடம் வருமா என்பதற்கு விதிப்புத்தகமே பதில் சொல்கிறது. உலகப் பந்தயத்துக்கான தடம் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற வேண்டும். வளைவைத் தவறவிட்ட வீரர் சறுக்கி நிற்க, வெளிப்புறத்தில் தாராளமான சரளைப் பரப்பு அவசியம். மலைச்சாலையின் வெளிப்புறத்தில் பள்ளத்தாக்கு தாராளமாகவே இருக்கிறது, சரளை, அடியில். அடுத்த சிக்கல் ஹாரன். கொண்டை ஊசி வளைவில் ஒலி எழுப்பாமல் திரும்புவது இங்கே மரியாதைக் குறைவு. மோட்டோஜிபி வண்டிக்கோ ஹாரன் கிடையாது. கண்ணாடி, முகப்பு விளக்கு, ஸ்டாண்டு எதுவும் கிடையாது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலை விதியை மார்க்கெஸ் சகோதரர்கள் ஏற்பார்களா என்பதும் ஐயமே.

2024இலும் 2025இலும் புத் தடத்தில் மோட்டோஜிபி நடக்கவில்லை. இந்திய வண்டிப் பந்தயத்தைத் திரைக்கு வெளியே, சத்தத்தோடும் புகையோடும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மலையிறங்கி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகலாம். சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் அங்கே அமைத்த தடம் சுமார் 3.7 கிலோமீட்டர். தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. போகிறவர்கள் குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளவும். அந்த வெயிலுக்கு இடைநிறுத்தும் பட்டன் கிடையாது.