சிவப்புக் கோடு குறித்து ஒரு விக்ஞாபனம்

மகாகனம் பொருந்திய இயங்குதள நிறுவனத்தார் சமூகத்துக்கு, வீட்டுக் கணினி ஒன்றின் பெயரளவுச் சொந்தக்காரன் எழுதிக்கொள்வது.

256 ஜிபி என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கிய எஸ்எஸ்டியைத் தங்கள் இயங்குதளம் முதல் நாளே 238 ஜிபி என்று அறிவித்தபோது, கடைக்காரரிடம் கோபாவேசமாக ஓடினேன்; அவரோ, விற்பவர்கள் ஆயிரத்தால் பெருக்கத் தாங்கள் 1024ஆல் வகுப்பதனால் விளைந்த பேதமேயன்றி ஒரு பைட்டும் களவு போகவில்லை என்று சமாதானம் சொன்னார். சின்னப்படியால் அளந்து விற்பதும் பெரியபடியால் அளந்து வாங்குவதும் நெல் மண்டியில் நாம் காணாததல்ல. 1024இன் கணக்குக்குக் கிபி, மெபி என்று தனி நாமங்களே சூட்டி, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் வழக்கைத் தீர்த்த பின்னும், பழைய பெயரை விடாத தங்கள் வைராக்கியம் வியக்கத்தக்கது.

அது போகட்டும். வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகும் குடியானவனைப்போல, விடிந்ததும் ‘சி’ டிரைவின் மிச்ச இடத்தைப் பார்ப்பது என் நித்திய கருமமாகிவிட்டது. பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் நீலக் கோடு சிவக்கிறது. சிவந்ததைக் கண்டு பதறிப் பேத்தியின் நடன வீடியோக்களை அழிக்கிறேன். அழிந்தவை மறுசுழற்சித் தொட்டிக்குக் குடிபெயர்ந்து, அதே இடத்தை அடைத்துக்கொண்டு அமர்கின்றன. தொட்டியையும் காலிசெய்து நான் சம்பாதித்த 4 ஜிபியை, அன்றிரவே தங்கள் அப்டேட் என்னை ஒரு வார்த்தை கேளாமல் சுவீகரித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, இயந்திரம் நித்திரை செய்வதற்கென்று சில ஜிபி அளவில் மறைவான படுக்கை வேறு!

பெரிய அப்டேட்டின் வைபவமோ இன்னும் விசேஷம். பழைய பதிப்பு காலமான பின்பும் அதன் பிரேதத்தைப் பத்து நாள் வட்டிலேயே வைத்திருந்து, அதற்கப்பால்தான் கரையேற்றுகிறீர்கள். பத்தாம் நாள் காரியம் செய்பவர்களையெல்லாம் பரிகசிக்கிற என் மருமகன், இதற்கு மட்டும், “பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாமே, மாமா” என்று நியாயம் கற்பிக்கிறார்.

அந்தச் சிவப்பில் என் பொருட்டு நிறைந்தது எவ்வளவு, தங்கள் பொருட்டு நிறைந்தது எவ்வளவு என்ற கணக்கு, அமைப்புகளுக்குள் பல கதவுகளைத் திறந்து உள்ளே போனால் கிடைக்கும் என்றும் அவரே சொல்கிறார். அதை வாசலிலேயே, அந்தக் கோட்டிலேயே, இரண்டு வர்ணத்தில் காட்டியருள வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன். பதிலைத் தபால் கார்டில் எழுதுங்கள். கோப்பாக அனுப்பினால் வைக்க இடமில்லை.