என்.கே.03

2005 மே 5 காலை. சென்னை மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 வெண்புகைக் கோடாக எழுந்தது. எல்லோரும் கார்ட்டோசாட்-1 பற்றிப் பேசினார்கள். என் மனம் முழுவதும் அதனோடு போன 42.5 கிலோ ஹாம்சாட் செயற்கைக்கோள் மேல்தான். ஹாம் ரேடியோக்காரர்கள் பேசுவதற்கென்றே இஸ்ரோ அனுப்பியது. அதன் இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்றை நம்மவர்கள் செய்தார்கள். மற்றதைச் செய்தவர் நெதர்லாந்து மாணவர் ஒருவர். உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இடம் சொல்வது எங்கள் வழக்கம். என் வீடும் ஸ்ரீஹரிகோட்டாவும் ஒரே கட்டம்: என்.கே.03. எங்கள் தெருப்பிள்ளை ஊர் தாண்டிப் போவதுபோல் இருந்தது.

ஆனால் ஹேண்டி என்று நாங்கள் சொல்லும் என் கையடக்க ரேடியோவால் அந்தப் பிள்ளையோடு பேச முடியாது. ஹேண்டிக்குத் தெரிந்தது எஃப்.எம். மட்டும், ஹாம்சாட்டுக்கு எஸ்.எஸ்.பி. என்ற வேறு முறை வேண்டும். அந்த செட் வாங்க அன்றைய சம்பளம் இடம் கொடுக்கவில்லை. எனக்கு வாய்த்தது அமெரிக்க ஹாம்களின் ஏ.ஓ.-51 செயற்கைக்கோள், எக்கோ என்பார்கள்.

பிரவுசிங் சென்டருக்குப் போய் சுற்றுப்பாதைக் கணக்குகளை ஃபிளாப்பியில் இறக்கி வந்து, அது எங்கள் வானத்தைக் கடக்கும் பாஸ் நேரங்களை ஒரு வாரத்துக்கு நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி வைப்பேன். ஆன்டெனா வீட்டிலேயே செய்தது: பி.வி.சி. குழாயில் ஸ்டீல் இன்ச் டேப்பை வெட்டிப் பொருத்திய யாகி. பேச ஒரு ஹேண்டி, கேட்க இன்னொன்று. 145.920 மெகாஹெர்ட்ஸில் பேசினால் 435.300-இல் திரும்பி வரும். விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுகிற பொருள் என்பதால், நெருங்கும்போது அலைவரிசை பத்து கிலோஹெர்ட்ஸ் அளவு மேலே இருக்கும். விலகும்போது அதே அளவு கீழே இறங்கும். விரல் டயலிலேயே இருக்க வேண்டும். குரல் மங்கினால் மணிக்கட்டைக் கால் வட்டம் திருப்பினால் போதும், பளிச்சென்று வரும். இதைப் புத்தகம் சொல்லித் தரவில்லை, கைதான் கற்றுக்கொண்டது.

"என்ன தம்பி, கேபிள் போயிடுச்சா?" என்று கேட்ட கீழ்வீட்டு அம்மாவிடம் ஹேண்டியைக் காதில் வைத்துக் காட்டினேன். கொழும்பிலிருந்து ஒருவர் தன் கால்சைனைச் சொல்லிவிட்டு "வணக்கம்" என்றார். "மேலேயிருந்தா வருது?" என்று அந்த அம்மா வானத்தைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் பாஸ் முடிந்துவிட்டது. அவர் இன்னும் சற்று நேரம் மாடியிலேயே நின்றார்.

இன்று அண்ணன் மகள் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். போனை உயர்த்தினால் செயற்கைக்கோள் எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று அதுவே காட்டுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்குச் சீன ஹேண்டி கிடைக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே 2020 செப்டம்பரில் ரிப்பீட்டர் ஒன்றை இயக்கிவிட்டார்கள், 145.990-இல், 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேசினால் 437.800-இல் கேட்கலாம். இவ்வளவு எளிதானதில் எனக்கு மகிழ்ச்சிதான். வருத்தம் ஒன்றே ஒன்று: கேட்காமலே கூப்பிடுகிறார்கள். எஃப்.எம். செயற்கைக்கோளில் ஒரு நேரத்தில் ஒரு குரலுக்குத்தான் இடம். தன் குரல் திரும்பி வருகிறதா என்று காது கொடுக்காமல் பட்டனை அழுத்துகிறவர், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு வாட்டில் காத்திருப்பவரின் முழுப் பாஸையும் எடுத்துக்கொள்கிறார். செயற்கைக்கோளின் ஒலி காதில் விழும்வரை அவள் பட்டனைத் தொடக்கூடாது. நான் அவளுக்கு வைத்த ஒரே கட்டளை அது.

எக்கோவின் பேட்டரி 2011-இல் ஓய்ந்தது. இரண்டு ஆண்டு ஆயுளுக்கென்று செய்த ஹாம்சாட் ஒன்பது ஆண்டுக்கு மேல் உழைத்துவிட்டு 2014 ஜூலையில் அடங்கியது. அதற்குள் சின்ன எஸ்.எஸ்.பி. செட் ஒன்று வாங்கிவிட்டேன். நம் மண்ணிலிருந்து போன பெட்டி வழியாக என் குரல் திரும்பி வந்ததைக் கேட்ட அன்று கண் நிறைந்தது.

ஆனால் அடங்கியது மீண்டும் எழுந்ததும் உண்டு. 1974-இல் ஏவிய ஏ.ஓ.-7 என்ற செயற்கைக்கோள் பேட்டரி ஷார்ட் ஆகி 1981-இல் செத்துப்போனது. பின்னர் அந்த ஷார்ட் தானாகவே விட்டுப்போய், 2002-இல் வெறும் வெயிலில் விழித்துக்கொண்டு பேசத் தொடங்கியது. இருபத்தொரு ஆண்டு மௌனத்துக்குப் பிறகு.

அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். மறுநாள் மாலை மாடிக்குப் போனால், செட்டை 145.9 பக்கம் வைத்து, யாகியை வடக்கே நீட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"ஹாம்சாட்டா?" என்றேன்.

"பேசாதீங்க சித்தப்பா," என்றாள். "கேட்டுக்கிட்டிருக்கேன்."