வைக்கோல் சாட்சி

ராத்திரி நிறுத்தி வைத்திருந்த என் காரின் பின்புறத்தை இடித்துவிட்டுப் போனவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: வண்டியில் வைக்கோல் ஏற்றியிருந்தான். உடைந்த டெயில் லேம்ப்பின் விரிசலில் நாலைந்து வைக்கோல் தாள் செருகிக்கொண்டிருந்தது. துப்பறியும் கதை படித்து வளர்ந்தவன் ஆதலால் அதைப் பக்குவமாக உருவி ஒரு கவரில் போட்டு, தேதியும் எழுதி வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "அறுப்பு முடிஞ்ச மாசத்துல திட்டக்குடி தாலுகாவுல வைக்கோல் ஏத்தாத டிராக்டர் எதுன்னு கண்டுபிடிங்க. அதுதான் சுலபம்" என்றாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆவினங்குடிப் பக்கமிருந்து வைக்கோல் பாரம் வரும்போது பார்த்திருப்பீர்கள். நாலாபுறமும் பிதுங்கி, தெருவின் அகலத்துக்கு ஒரு போர் நகர்ந்து வரும். உள்ளே டிராக்டர் இருப்பது சத்தத்தில்தான் தெரியும். பின்னால் எது உரசியது என்பது ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? பாட்டுக் கேட்டுக்கொண்டே நிதானமாகப் போயிருப்பார். ஓடியவர் யாரும் இல்லை என்பதுதான் இந்த வழக்கின் சிக்கல்.

மாமியார் வேறொரு காரணம் கண்டுபிடித்தார். கார் வாங்கிய அன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோமாம், பின் பம்பருக்கு வைக்கவில்லையாம். வைத்தியநாத சுவாமி கோயிலில் ஓர் அர்ச்சனையும் செய்தார். சுவாமி மனுஷ நோய்க்குத்தான் வைத்தியம் பார்ப்பார் என்றேன். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

தொழுதூர் ரோட்டு டீக்கடையில் ரிட்டயர்டு தலையாரி ஒருவர் இருக்கிறார். சட்டம் எல்லாம் அவருக்கு அத்துப்படி, பாதி வரை. "சார், இது ஹிட் அண்ட் ரன் கேஸு. கவர்மெண்டே அம்பதாயிரம் குடுக்குது. தாசில்தாருக்கு ஒரு மனு எழுதிப் போடுங்க" என்றார். நான் அந்த இடத்திலேயே மனசுக்குள் ஐம்பதாயிரத்தைச் செலவு செய்து முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் மீதிப் பாதி தெரிந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆவது பிரிவின் கீழ் அப்படி ஒரு திட்டம் இருப்பது உண்மை. 2022 ஏப்ரல் 1 முதல், இடித்தது எந்த வண்டியென்றே தெரியாத விபத்தில் உயிர் போனால் 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய். அதற்கு முன்னால் வெறும் 25,000-மும் 12,500-மும்தான். மனுவைத் தாசில்தாரோ கோட்டாட்சியரோ விசாரிப்பார்கள், கலெக்டர் உத்தரவு போடுவார். ஆனால் எல்லாமே ஆளுக்குத்தான், காருக்குக் காலணா கிடையாது.

"அந்தப் பணம் வேணும்னா நீங்க அன்னிக்கு ராத்திரி டிக்கிக்குள்ள படுத்திருக்கணும்" என்றாள் மனைவி. குரலில் லேசான வருத்தம் தெரிந்தது.

இதில் சிரிக்க முடியாத சங்கதி ஒன்று உண்டு. 2022-இல் நாட்டில் பதிவான ஹிட் அண்ட் ரன் விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் 205. உச்ச நீதிமன்றமே 2024 ஜனவரியில் இதைப் பார்த்துத் திகைத்து, இப்படியொரு திட்டம் இருப்பதைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் போலீசாரே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது. கேட்க வேண்டியவர்களுக்கு விஷயம் தெரியவில்லை. பம்பர் நசுங்கிய எனக்கு டீக்கடையிலேயே தெரிந்துவிடுகிறது. தலையாரி சேவையை நம் ஊர் சரியான ஆட்களிடம் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சர்க்கார் பணம் இல்லையென்று ஆனதும் இன்சூரன்ஸில் கிளைம் கேட்டேன். கம்பெனி போலீஸ் ரசீது கேட்டது. ஸ்டேஷனுக்குப் போனேன். இடித்த வண்டி நம்பர் கேட்டார்கள், தெரியாது. கலர் கேட்டார்கள், தெரியாது. பார்த்தவர்கள்? மெதுவாகக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ரைட்டர் பிரித்துப் பார்த்தார். "வீட்ல மாடு வச்சிருக்கீங்களா சார்?" என்று பிரியமாகக் கேட்டார். பிறகு 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதி சி.எஸ்.ஆர். ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டார். கவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

என்னிடம் இருந்தது ஃபுல் இன்சூரன்ஸ். அதனால்தான் கதை இவ்வளவு நீள்கிறது. வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் இரண்டாவது பத்தியிலேயே முடிந்திருக்கும். தேர்ட் பார்ட்டியில் இடித்தவனுடைய கம்பெனிதான் கொடுக்க வேண்டும். இடித்தவனே இல்லையென்றால் கம்பெனிக்கு எங்கே போவது?

விருத்தாசலம் ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் காரைப் பார்க்குமுன் என்னைப் பார்த்து, "இன்சூரன்ஸா, கைக்காசா?" என்றார். பதிலைப் பொறுத்து நெளிவின் ஆழம் மாறும் போலிருக்கிறது. சேதம் ஐம்பதாயிரத்துக்குக் கீழ் என்பதால் உரிமம் பெற்ற சர்வேயர் நேரில் வரவேண்டிய கட்டாயமில்லையாம். கம்பெனி ஆள் போனிலேயே வீடியோவில் பார்த்தார். "மெதுவா வண்டியைச் சுத்தி வாங்க சார்... கிட்ட போங்க... கொஞ்சம் குனிங்க..." நவக்கிரகம் சுற்றுகிற பயபக்தியோடு போனை ஏந்திச் சுற்றினேன். ஒர்க் ஷாப் பையன் ஒருவன் நான் ரீல்ஸ் எடுப்பதாக நினைத்துப் பின்னால் வந்து நின்று தலைமுடியைக் கோதிக்கொண்டான். சேத ஆவணங்களில் அவனும் இருக்கிறான்.

அப்புறம் கேள்வி: "ஆக்சிடென்ட் நடந்தப்ப வண்டியை ஓட்டினது யாரு?"

"நிறுத்தி வச்சிருந்த வண்டிங்க."

"சரி சார், ஓட்டினவர் லைசென்ஸ் காப்பி அனுப்புங்க."

அனுப்பினேன். அந்த நேரத்தில் நான் ஓட்டிக்கொண்டிருந்தது குறட்டை மட்டும்தான். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விவாதிக்கத் தெம்பில்லை.

பில் 17,500. பம்பர் 6,000, டெயில் லேம்ப் 3,000. இரண்டும் பிளாஸ்டிக், தேய்மானம் பாதிக்குப் பாதி. டிக்கிக் கதவை மாற்ற வேண்டாம், டிங்கரிங் போதும் என்றுவிட்டார்கள். அந்தக் கூலி 2,500 முழுசாகக் கிடைத்தது. பெயிண்டிங் 6,000-இல் கால்வாசி பெயிண்ட் விலையாம், அதில் பாதி தேய்மானம் என்று 750 போயிற்று. காரின் பெயிண்ட் நாள்தோறும் தேய்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கடைசியில் 1500 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் கட்டாயப் பிடித்தம் ஆயிரம். கைக்கு வந்தது 11,250. தெருவே கேட்கும்படி ஜெயித்துவிட்டேன் என்றேன்.

மனைவி காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தாள். நாலு வருஷம் கிளைம் கேட்காததால் பிரீமியத்தில் 45 சதவீதம் தள்ளுபடி, நோ கிளைம் போனஸ் என்று, இருந்தது. இந்த வருஷமும் பொறுத்திருந்தால் 50. இப்போது பூஜ்யம். மறுபடி 20, 25, 35, 45 என்று ஏணி ஏறி வர வேண்டும். நம் வண்டிக்கான சொந்தச் சேதப் பிரீமியம் சுமார் 8,000 என்று வைத்தால், அடுத்த ஐந்து வருஷத்தில் கூடுதலாகக் கட்டப்போவது 10,000.

"ஆக, லாபம் ஆயிரத்து எரநூத்தி அம்பது" என்றாள். "பத்தாயிரத்தைக் குடுங்க, போஸ்ட் ஆபீஸ்ல போட்டு வைக்கிறேன். வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டும்போது கையைப் பிசையாதீங்க."

மிச்சம் 1,250-ஆவது எனக்குத்தானே என்று கை நீட்டினேன். விருத்தாசலம் போய்வந்த பெட்ரோல், தலையாரிக்கு வாங்கிக் கொடுத்த டீ, வடை எல்லாம் அவளுடைய தாளில் ஏற்கெனவே ஏறியிருந்தன. அதோடு, மெக்கானிக்குக் கொடுக்க அவளுடைய சீட்டுப் பணத்திலிருந்து நான் வாங்கியிருந்த 6,250-ஐ எப்போது திருப்பித் தருகிறேன் என்றும் கேட்டாள்.