எடைக்கு மேல்முறையீடு

"எவ்வளவு வெயிட் இருக்கீங்க?" என்று கேட்டால் மற்றவர்கள் ஒரு எண்ணைச் சொல்வார்கள். இவர் மட்டும் "எந்த மெஷின்ல?" என்று திருப்பிக் கேட்பார். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, கொஞ்சம் எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிச் சில மாதங்கள் ஆகியிருக்கும். வீட்டு மெஷின் 81.6 காட்டுகிறது, ஜிம்மில் 82.3, மருந்துக்கடை வாசலில் 83.1. மச்சினன் வீட்டில் 80.2. இதனாலேயே மச்சினனோடு இருந்த பழைய மனத்தாங்கல் எல்லாம் தீர்ந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போக்குவரத்து நடக்கிறது. மருந்துக்கடைக்காரர்தான் ஒரு வாடிக்கையாளரை இழக்கப் பார்க்கிறார்.

இவரைத் துல்லியப் பிரியர் என்று சுற்றியிருப்பவர்கள் நினைக்கிறார்கள். கணக்கு ஆசிரியராகவோ வங்கி அதிகாரியாகவோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், தொழில் புத்தி என்றே சொல்லிவிடுவார்கள். என் கட்சி வேறு. மெஷின்கள் ஒத்துப்போகாதது இவருக்குத் தொல்லை என்று நான் நம்பவில்லை. அதை வைத்துத்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது. கீழ்க்கோர்ட்டில் தோற்றவனுக்கு மேல்கோர்ட் இருப்பது எவ்வளவு தெம்போ, அவ்வளவு தெம்பு இந்த ஏறத்தாழ மூன்று கிலோ வித்தியாசம். இதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் பேட்டரியைப் பாருங்கள். எண் ஏறியிருக்கும் காலையில் பேட்டரி மாற்றப்படுகிறது, தரையின் சரிவு சோதிக்கப்படுகிறது, மெஷின் எந்த நாட்டில் செய்தது என்று கவிழ்த்துப் படிக்கப்படுகிறது. எண் இறங்கியிருக்கும் காலையில் இதில் ஒன்றும் நடப்பதில்லை. அளவில் பிழை இருக்குமோ என்ற சந்தேகம் உண்மையானதாக இருந்தால் அது இரண்டு பக்கமும் வர வேண்டும். இவருக்கு வரும் சந்தேகம் ஒருபக்கச் சந்தேகம்.

அவர் மெஷின் மேல் ஏறுவதே தனி வைபவம். வாட்ச் கழலும், பனியன் கழலும், மூக்குக்கண்ணாடி கழலும். அரைஞாண் கயிற்றில் கிடக்கும் வெள்ளித் தாயத்தையும் ஒருமுறை தடவிப் பார்த்து, அம்மா கட்டியது என்பதால் விட்டுவிடுவார். மூச்சை வெளியே விட்டுவிட்டு வலது காலை முதலில் வைப்பார். கண்ணாடி இல்லாததால் எண் தெரியாது. கண்ணாடி இருந்தாலும் தொப்பை மறைக்கும். குனிந்தால் எண் ஆடும். ஆகவே வாசிக்கும் பொறுப்பு மனைவியுடையது.

"எண்பத்தொண்ணு ஆறுங்க."

"நல்லாப் பார்த்துச் சொல்லு. ஆறா, பூஜ்யமா?"

"ஆறுதான். நேத்து ராத்திரி நாலு பரோட்டா சாப்பிட்டீங்கல்ல?"

"நாலு பரோட்டா ஒரு கிலோவா இருக்கும்? தரை சரியில்ல. மெஷினை அந்தப் பக்கம் தள்ளு."

இந்த வாக்குவாதத்தில் இருவர் பக்கமும் நியாயம் உண்டு. பரோட்டா ஒரு கிலோ இல்லைதான். ஆனால் மைதாவில் ஒரு பகுதி உடம்பில் கிளைகோஜனாகச் சேர்கிறது. ஒரு கிராம் கிளைகோஜன் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். சால்னாவில் இருந்த உப்பு தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அரை லிட்டர் குடித்தால் அரைக் கிலோ ஏறத்தானே வேண்டும்? ஒரே மனிதர் ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். தரையைப் பற்றி அவர் சொன்னதும் பொய்யில்லை. டிஜிட்டல் மெஷினின் நான்கு மூலையிலும் சிறிய உலோகப் பட்டைகள் இருக்கின்றன. நாம் ஏறியதும் அவை துளி வளைகின்றன. அந்த வளைவால் மாறும் மின்தடையைத்தான் மெஷின் எடையாக மாற்றிக் காட்டுகிறது. மிதியடி மேல் வைத்தாலோ, ஒரு கால் டைல்ஸ் இடுக்கில் இறங்கினாலோ கணக்கு கெடும். சுவரில் சாய்த்து வைத்திருந்ததை எடுத்துப் போட்டு உடனே ஏறினால் பூஜ்யமே தப்பாக இருக்கலாம். சில மெஷின்களில் இன்னொரு தந்திரமும் உண்டு: உடனே மறுபடி ஏறினால், வித்தியாசம் சிறிதாக இருக்கும்வரை, முன்பு காட்டிய எண்ணையே நினைவிலிருந்து எடுத்துக் காட்டிவிடும். மூன்று முறை ஏறினேன், மூன்று முறையும் அதே எண் என்று மெச்சுபவர் மெஷினின் ஞாபகசக்தியைத்தான் மெச்சுகிறார். காய்கறிக் கடைத் தராசுக்காவது அரசு முத்திரை உண்டு. குளியலறைக்குள் எந்த ஆய்வாளரும் வருவதில்லை.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் அவர் வழக்கு நிற்காது. அவருக்குத் தெரிய வேண்டியது எடை குறைகிறதா இல்லையா என்பது. வீட்டு மெஷின் போன மாதம் 81.6, இந்த மாதம் 80.9. மருந்துக்கடையில் போன மாதம் 83.1, இந்த மாதம் 82.4. இரண்டும் சண்டை போடுவதாக அவர் நினைக்கிறார். கழித்துப் பார்த்தால் இரண்டுமே 700 கிராம் குறைந்ததாக ஒரே வாயால் சாட்சி சொல்கின்றன. கழித்தலில் மெஷினின் நிரந்தரப் பிழை தானாகக் கழிந்துபோகும். பிழை நிரந்தரமாக இல்லாமல் விகிதத்தில் இருந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்கலாம். நூற்றுக்கு இரண்டு கூடுதலாகக் காட்டும் மெஷினில் 5 கிலோ குறைந்தவருக்கு 5.1 கிலோ குறைந்ததாகத் தெரியும். அந்த நூறு கிராமுக்காக எந்த டாக்டரும் மாத்திரையை மாற்றப்போவதில்லை. சரி, மெஷினே நாளுக்கொரு பேச்சுப் பேசினால்? அதைச் சோதிக்க வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2022இல் 25 கிலோ வரையிலான பைகளுக்கு ஜிஎஸ்டி வந்ததும் 26 கிலோவாகப் பருத்துப்போன அரிசிச் சிப்பம்தான் அது. பிரிக்காத சிப்பத்தை இன்றும் அடுத்த வாரமும் தூக்கி வைத்து, எண் மாறுகிறதா என்று பார்த்தால் போதும். (தூக்கி வைப்பதும் அவருக்கு நல்லதுதான்.) இந்தச் சோதனையை அவர் செய்யவே மாட்டார். மெஷின் சரி என்று தீர்ப்பாகிவிட்டால் அப்புறம் எங்கே போவது?

நான்கு மெஷினையும் கூட்டி நான்கால் வகுத்துச் சராசரி எடுத்தால் என்ன என்று கேட்கும் நடுநிலையாளர்களும் உண்டு. நான்கு பேரின் தப்பைக் கூட்டி வகுத்தால் சரி வந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே மெஷினில் ஏழு நாள் காலை எடுத்த எண்களைச் சராசரி பார்த்தால் உபயோகம் உண்டு. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. தினம் 500 கலோரி குறைத்துச் சாப்பிடுபவருக்கு ஒரு நாளைக்குக் குறைவது சுமார் 65 கிராம் கொழுப்பு. ஒன்றிரண்டு கிலோ ஆடும் உடம்பில் அந்த 65 கிராமை ஒரே காலையில் கண்டுபிடிக்க முடியாது. எடையைத் துல்லியமாகப் பார்ப்பது சிலருக்கு உயிர்ப் பிரச்சினை என்பதும் உண்மை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே சொல்லுங்கள் என்று டாக்டர்கள் எச்சரிப்பார்கள், உடம்பில் நீர் கோத்திருக்கலாம் என்பதால். அவர்களிடமும் டாக்டர் கேட்பது ஒரே மெஷின், ஒரே நேரம், அதேபோன்ற உடுப்பு. மச்சினன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வதில்லை.

இத்தாலியின் சான்டோரியோ என்ற மருத்துவர் தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே போனது, வெளியே வந்தது எல்லாவற்றையும் சுமார் முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து 1614இல் புத்தகமும் போட்டார். கண்ணுக்குத் தெரியாத வியர்வையாகவும் ஆவியாகவும் எவ்வளவு போகிறது என்பது அவர் கேள்வி. எண் இறங்க வேண்டும் என்ற ஆசை அந்த நாற்காலியில் உட்காரவில்லை. நம்மவர் சான்டோரியோவைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கிலோகிராமைப் பற்றி எங்கோ படித்து வைத்திருக்கிறார். 1889 முதல் பாரிஸ் அருகே பூட்டி வைத்திருந்த மூலக் கிலோவும் அதன் நகல்களும் நூறு ஆண்டுகளில் சுமார் 50 மைக்ரோகிராம் விலகிப்போயின. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியை வைத்துத்தான் கிலோ வரையறுக்கப்படுகிறது. "கிலோவே நிலையா இல்லையாம், என் வெயிட் எப்படிங்க நிலையா இருக்கும்?" என்பார். 50 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. ஊட்டிக்குப் போனால் ஈர்ப்புவிசை குறைந்து எடை குறையுமாமே என்றும் கேட்பார். குறையும். சென்னையில் 80 கிலோ காட்டும் மெஷினை அப்படியே ஊட்டிக்குத் தூக்கிப்போனால் சுமார் ஐம்பது கிராம் குறைத்துக் காட்டும். அங்கே வாங்கும் வர்க்கியில் அது திரும்பி வந்துவிடும்.

மெஷினை விட்டுவிட்டு இஞ்ச் டேப்பை எடுக்கச் சொல்லலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான், தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறார்கள், டேப்புக்குப் பேட்டரியும் வேண்டாம். ஆனால் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் அளக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், தொப்பைக்குக் கீழே வேட்டி கட்டுகிற இடம்தான் இடுப்பு என்று இவர் சாதிப்பார். முப்பது வருஷமாகத் தனக்குப் பேன்ட் தைக்கும் டெய்லரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்.